ஏழு வருஷம், மூன்று ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள்: மூட்டுகள் எப்படி இருக்கின்றன?

2018இல் முதல் ஜோடி ஸ்பீக்கர் பெட்டியை நானே செய்தபோது எனக்கு இருந்த ஒரே பயம், பலகை பிரிந்து கையோடு வந்துவிடுமோ என்பதுதான். இன்றுவரை எந்தப் பெட்டியும் பிரியவில்லை. தொல்லை எல்லாம் நான் எதிர்பார்க்காத பக்கமிருந்து வந்தது.

முதல் ஜோடி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஆறரை அங்குல ட்ரைவர்களுக்காக. ட்ரைவர் என்பது பெட்டிக்குள் பொருத்தும், ஒலி எழுப்பும் பாகம். உள்ளளவு 20 × 25 × 30 சென்டிமீட்டர், அதாவது 15 லிட்டர். காற்றுப் போய்வரும் துளை (போர்ட்) இல்லாத மூடிய பெட்டி. 18 மி.மீ. எம்டிஎஃப் பலகையை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) கடையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கி, ஒன்றோடு ஒன்று முட்டவைத்து, ஃபெவிகால் தடவி, சுற்றிலும் ஸ்குரூ அடித்தேன். முன்கூட்டியே சின்னத் துளை போட வேண்டும் என்பது அப்போது தெரியாது. எம்டிஎஃப்பின் விளிம்பில் துளை போடாமல் ஸ்குரூ ஏற்றினால் பலகை நடுவில் உப்பிப் பிளக்கும். உப்பிய இடத்தில் இரண்டு பலகையும் ஒட்டி உட்காராது. இறுக்கத்துக்காகப் போட்ட ஸ்குரூவே இடைவெளியை உண்டாக்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பெட்டியில் மட்டும் பேஸ் வரும்போதெல்லாம் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ட்ரைவர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ட்ரைவரின் முன்னால் தெரியும் கூம்பை (கோன்) விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திவிட்டால், காற்றுப் புகாத பெட்டியில் அது தயங்கித் தயங்கித் திரும்பும். இதுவோ டக்கென்று திரும்பியது. சரி, ஓட்டை எங்கே? 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஊதுபத்தியை மூட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். பின்பக்கக் கீழ் மூலையில் புகை துடித்தது. அதற்குப் பிறகு எல்லாப் பெட்டிக்கும் இந்த ஊதுபத்திச் சோதனை உண்டு. வீட்டில் பூஜை போடுகிறேன் என்று கேலி செய்வார்கள்.

விரிசலுக்குள் ஊசி வைத்து ஃபெவிகால் ஏற்றினேன். நிற்கவில்லை. ஏற்கெனவே காய்ந்த பசை மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. பழையதைச் சுரண்டி மரம் தெரிந்தால்தான் பிடிக்கும். மூடிய பெட்டிக்குள் எங்கே போய்ச் சுரண்டுவது? கடைசியில் ட்ரைவரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கைவிட்டு, மூலையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு ஒட்டி, ஓரத்தில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசினேன். முழங்கையில் தோல் போனதுதான் மிச்சம். ஆனால் அதன் பிறகு அந்த மூலை கசியவில்லை.

பக்கத்துத் தெரு ஆசாரியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "தம்பி, ஆணி பலகைய புடிக்காது. பசை காயுற வரைக்கும் அசையாம வச்சுக்கத்தான் ஆணி. கிளாம்ப் இருந்தா அதுவும் எதுக்கு?"

2020இல் இரண்டாவது ஜோடியை அவர் பட்டறையில் வைத்துச் செய்தேன். அதே எம்டிஎஃப், ஆனால் ஓரங்களில் 9 மி.மீ. காடி (பள்ளம்) எடுத்து, ஒரு பலகை இன்னொன்றுக்குள் உட்காரும்படி. காடி போட்டால் பலம் கூடும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் பலம் இல்லை. பசை தடவியதும் பலகை வழுக்கிக்கொண்டு ஓடும். காடி அதை ஓடவிடாது. எம்டிஎஃப் விளிம்பு பசையை உறிஞ்சிவிடும் என்பதால், முதலில் தண்ணீர் கலந்த பசையை ஒரு கை பூசி, பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் கெட்டிப் பசை. என்னிடம் நாலே கிளாம்ப். மீதி இடத்துக்குப் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினேன். அருமையாகப் பிடித்தது. இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். உள்ளே பிதுங்கிய பசையை விரலால் மூட்டோரமாகத் தேய்த்துவிட்டேன், அதுவே சீல். இன்றுவரை கசிவு இல்லை.

கோடு விழுந்த கதை தனி. முதல் ஜோடிக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, கறுப்பு பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன். முதல் மழைக்காலம் முடிந்ததும் மூட்டு இருக்கும் இடமெல்லாம் மெல்லிய கோடு தெரிந்தது. மறுபடி தேய்த்து அடித்தேன், அடுத்த மழையில் மறுபடி வந்தது. ஈரம் பட்டால் எம்டிஎஃப் தடிமன் பக்கமாகத்தான் அதிகம் ஊதும், நீள அகலத்தில் அவ்வளவாக ஊதாது. முட்டவைத்த மூட்டில் ஒரு பலகையின் தடிமனுக்குப் பக்கத்தில் இன்னொன்றின் நீளம் நிற்கிறது. ஒன்று மேலே எழும், மற்றது எழாது. எத்தனை கோட் அடித்தாலும் கடல்காற்று ஊரில் இதற்குத் தீர்வு பெயின்ட்டில் இல்லை. இரண்டாவது ஜோடிக்கு வெனீர் (தாள் போன்ற மெல்லிய மரத்தகடு) ஒட்டினேன், பிரச்சினை போனது. கச்சேரி பாக்ஸ்காரர்கள் ரெக்சின் ஒட்டுவதற்கு வேறு காரணம் இருக்கலாம், ஆனால் மூட்டை மறைக்க அதுவும் நல்ல வழிதான்.

மூன்றாவது ஜோடி 2021இல், மகளின் கம்ப்யூட்டருக்கு. 12 மி.மீ. பிளைவுட், 45 டிகிரி வெட்டு, பார்சல் டேப்பைப் பின்னால் ஒட்டி மடக்கும் முறை. மூன்றிலும் வேகமாக முடிந்ததும் அழகாக வந்ததும் இதுதான். 2023இல் வீடு மாற்றினோம். டெம்போவில் இருந்து இறக்கும்போது இரண்டு முனைகள் சிதைந்தன. கத்தி மாதிரி முனை வேண்டுமென்றால் பெட்டியை நகர்த்தக் கூடாது. நகர்த்துவதாக இருந்தால் முனையைக் கொஞ்சம் உருட்டிவிட வேண்டும். எனக்கு இப்போது உருட்டிய முனைதான் பிடிக்கிறது.

ஆசாரி சொன்னது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. போன வருஷம் முதல் ஜோடியில் கசியாத பெட்டியை எடுத்து, எல்லா ஸ்குரூவையும் கழற்றி, துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். இப்போது மொட்டை மாடி அறையில் தினமும் பாடிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரமும் ஊதுபத்தி காட்டினேன். புகை நேராகத்தான் போனது.