லண்டன் – ஆம்ஸ்டர்டாம்: சுரங்க ரயிலா, ராத்திரிக் கப்பலா, நியூகாசில் சுற்றா?

லண்டனைப் பார்த்து முடித்த தம்பதிகள் பலரும் அடுத்து ஆம்ஸ்டர்டாம் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். விமானம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் நல்ல வழிகளாக மூன்று மிஞ்சும். முதலாவது, செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ஏறி, கடலடிச் சுரங்கம் வழியாக நேரே ஆம்ஸ்டர்டாமில் இறங்கும் யூரோஸ்டார். அடுத்தது, லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயிலேறி ஹாரிச் துறைமுகம் போய், அங்கிருந்து ஸ்டெனா லைன் கப்பலில் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகம். கடைசியாக, கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே நியூகாசில் வரை ரயில், அப்புறம் டிஎஃப்டிஎஸ் நிறுவனக் கப்பலில் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்திலுள்ள ஐமாய்டன் துறைமுகம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்தப் பயண நேரம். யூரோஸ்டாருக்குச் சுமார் 4 மணி நேரம். ஹாரிச் வழி, லண்டனில் ரயிலேறியதிலிருந்து எண்ணினால் பதினான்கு மணி நேரம் ஆகும். நியூகாசில் வழிக்கு ஒரு முழு நாளே போய்விடும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒப்பிடவே வேண்டியதில்லை, ரயில்தான். ஆனால் பத்து நாள் விடுப்பில் ஊர் சுற்ற வருகிறவர்கள் எண்ண வேண்டியது வேறு: இந்தப் பயணம் எத்தனை மணி நேரப் பகலை விழுங்குகிறது? தூங்கிக்கொண்டே கடக்கும் நேரம் நம் கணக்கில் நஷ்டமே இல்லை. இப்படி எண்ணத் தொடங்கினால் வரிசை மாறிவிடும்.

யூரோஸ்டார்

காலை பதினொரு மணி வண்டி என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் சோதனை எல்லாம் செயின்ட் பாங்க்ரஸிலேயே நடப்பதால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஓட்டலைக் காலி செய்தால்தான் நிம்மதி. நாலு மணி நேரப் பயணம், நெதர்லாந்தில் கடிகாரம் ஒரு மணி முன்னால். ஆக, இறங்கும்போது மாலை நாலு. அறைக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தால் ஐந்தாகிவிடும். ரெய்க்ஸ்மியூசியம் மூடுவதும் ஐந்து மணிக்குத்தான். நாலு மணி நேர ரயில் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டது.

அதற்காக ரயிலைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி மாறாமல், மழையில் நனையாமல், ஒரு நகரத்தின் நடுவில் ஏறி இன்னொரு நகரத்தின் நடுவில் இறங்கும் வசதிக்கு ஈடில்லை. ஆளுக்கு இரண்டு பெட்டிகளும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம். பெட்டியின் நீளம் 85 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி, எடைக்குக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் தூக்கி வைப்பது நம் வேலை. விசா பதற்றம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆறுதலும் உண்டு. ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) நுழைவுச் சோதனையை பிரெஞ்சு போலீசார் லண்டனிலேயே முடித்துவிடுகிறார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய ஐரோப்பிய எல்லை முறைப்படி கைரேகை, புகைப்படம் எடுப்பதும் அங்கேதான். ஆம்ஸ்டர்டாமில் இறங்கினால் நேரே ஊருக்குள் நடக்க வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: இதில் கடல் கிடையாது. 1994-ல் திறந்த அந்தச் சுரங்கம் 50.5 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். சுமார் இருபது நிமிடம் ஜன்னலில் கறுப்பைத் தவிர எதுவும் தெரியாது. வெளிச்சம் திரும்பும்போது பிரான்சின் வயல்கள். பிறகு லீல், பிரஸ்ஸல்ஸ், ரோட்டர்டாம் என்று வண்டி ஓடும்.

விலையைப் பொறுத்தவரை, நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். இரண்டு பேர் என்றால் அந்த ஏற்றமும் இரட்டிப்பு. மாதக்கணக்கில் முன்னதாக வாங்கினால் மலிவு. கடைசி வாரத்தில் வாங்கினால் கையைக் கடிக்கும்.

ஹாரிச் வழி ராத்திரிக் கப்பல்

லண்டனில் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, சாயங்காலம் ஏழு ஏழரைக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட் வந்தால் போதும். ஹாரிச் இன்டர்நேஷனல் நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல வண்டிகளுக்கு மானிங்ட்ரீயில் மாற வேண்டியிருக்கும். அங்கிருந்து இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டூர் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது. கோடையில் அந்த நேரத்திலும் வெளிச்சம் இருக்கும். தண்ணீர் வற்றிய சேற்றுப் பரப்பில் நூற்றுக்கணக்கான பறவைகள் இரை பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ரயில் நிலையமும் கப்பல் முனையமும் ஒட்டியே இருக்கின்றன. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனி 1883-ல் ரயிலையும் கப்பலையும் இணைப்பதற்கென்றே கட்டிய துறை இது. 1893-ல் எதிர்க்கரையில் ஹூக் ஆஃப் ஹாலண்டுக்கு ரயில் வந்தபின் இதுவே லண்டனை வட ஐரோப்பாவோடு சேர்க்கும் ராஜபாட்டை ஆனது. 1928 முதல் ஹூக்கில் கப்பலை விட்டு இறங்கி, ரெயின்கோல்ட் விரைவு வண்டியில் ஏறி ஸ்விட்சர்லாந்தின் பாசல் வரை போக முடிந்தது.

இதே வழியில்தான் 1938 டிசம்பர் 2-ம் தேதி, நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதக் குழந்தைகளின் முதல் கூட்டம் ஹாரிச்சில் வந்து இறங்கியது. போர் மூள்வதற்குள் பத்தாயிரத்தை ஒட்டிய குழந்தைகள் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் வந்தது இந்த வழி. லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தின் வாசலில் பெட்டிகளோடு நிற்கும் குழந்தைகளின் வெண்கலச் சிலைகளைச் செய்தவர் ஃபிராங்க் மைஸ்லர். அவரே அப்படி வந்த குழந்தைகளில் ஒருவர். ஹூக் துறைமுகத்திலும் 2011-ல் அவர் செய்த சிலைகள் வைக்கப்பட்டன. புறப்படும் இடத்தில் ஒன்று, போய்ச் சேரும் இடத்தில் ஒன்று என இரண்டையும் பார்க்கலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போய் நின்று பாருங்கள். அப்பா அம்மாவை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு இந்தக் கடலைத் தாண்டிய பிள்ளைகளை நினைத்துக்கொண்டு கப்பலேறும்போது, அந்த ராத்திரி வெறும் தூக்கமாகப் போய்விடாது.

ஸ்டெனா ஹாலண்டிகா, ஸ்டெனா பிரிட்டானிகா இரண்டும் 240 மீட்டர் நீளமுள்ள கப்பல்கள். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் கிளம்பும், ஆனால் ஒன்பது மணி வாக்கிலேயே ஏறி அறைக்குப் போய்விடலாம். இரவுப் பயணத்துக்கு கேபின் கட்டாயம். இங்கேதான் தம்பதிகளுக்குச் சாதகம்: டிக்கெட் ஆளுக்கு, கேபின் வாடகை அறைக்கு. தனி ஆளாகப் போகிறவருக்குக் கனமாகத் தெரியும் தொகை இருவருக்குப் பாதியாகிறது. சின்ன கேபினிலும் குளியலறையும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கின்றன. மேலும் கீழுமாகப் படுக்கை உள்ள அறைதான் மலிவு. சேர்ந்து படுக்கும் அகலக் கட்டில் வேண்டுமென்றால் ஒரு படி மேலே எடுக்க வேண்டும். ஜன்னலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது குளிர்காலத்தில் வீண், இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. மே முதல் ஆகஸ்ட் வரை என்றால் கொடுக்கலாம்.

இந்த ராத்திரியின் செலவை யூரோஸ்டார் டிக்கெட்டோடு மட்டும் ஒப்பிடக் கூடாது. டிக்கெட்டோடு ஆம்ஸ்டர்டாமின் ஓர் இரவு அறை வாடகையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். அந்த நகரம் 2024 முதல் தங்குமிடக் கட்டணத்தின் மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி போடுகிறது. 2026 தொடக்கத்தில் அறைகளுக்கான வாட் வரியும் 9-லிருந்து 21 சதவீதமாக ஏறிவிட்டது. ஓர் இரவைக் கப்பலில் கழிப்பது முன்னைவிட இப்போது அதிக லாபம்.

காலையில் கரை சேர்வதற்கு வெகு முன்பே ஒலிபெருக்கியில் எழுப்பிவிடுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் போர்த்திக்கொண்டு திறந்த டெக்குக்கு வாருங்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகமான ரோட்டர்டாமின் வாயிலுக்குள் கப்பல் நுழையும் நேரம் அது. வலது பக்கம், அந்தத் துறைமுகத்தின் ஒரு பகுதியான மாஸ்விளாக்டேயின் பளுதூக்கிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் விளக்கு. அவற்றின் கீழே கன்டெய்னர்கள் மலைமலையாக. என் கணவர் காபியை ஆறவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டச்சு நேரம் எட்டு மணிக்குக் கரை. பாஸ்போர்ட் சோதனை இந்த வழியில் அக்கரையில்தான். அது முடிந்து வெளியே வந்தால் மெட்ரோ நிலையம் எதிரிலேயே இருக்கிறது. பழைய ரயில் பாதையை 2017-ல் மூடி, 2019-ல் ரோட்டர்டாம் மெட்ரோவின் பி வழித்தடமாக மாற்றிவிட்டார்கள். டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இருவருக்குத் தட்ட முடியாது. ஏறும்போது அட்டையைத் தட்டிவிட்டு இறங்கும்போது போனைத் தட்டினாலும் சிக்கல், இரண்டையும் வேறு வேறு கணக்காக எடுத்துக்கொள்ளும். ஸ்கீடாமில் இறங்கி ரயில் மாறினால் பத்தரைக்குள் ஆம்ஸ்டர்டாம். பகலில் நாம் இழந்தது இரண்டரை மணி நேரம்.

குறை இல்லாமல் இல்லை. ஓட்டல் அறை பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், அதுவரை பெட்டியை சென்ட்ரல் நிலைய லாக்கரிலோ ஓட்டல் வரவேற்பறையிலோ வைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். மெல்லிய தூக்கம் உள்ளவர்களுக்கு இயந்திர அதிர்வு கேட்டுக்கொண்டே இருக்கும். வடகடல் குளிர்காலத்தில் முரட்டுக் கடல். கப்பல் பெரியது என்பதால் ஆட்டம் குறைவுதான். ஆனாலும் நவம்பர் முதல் மார்ச் வரை வாந்தி மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, ஏறும் முன்பே போட வேண்டும்.

பகல் கப்பலும் உண்டு. காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஐந்தைத் தாண்டிச் சேரும். அதைப் பிடிக்க அதிகாலையிலேயே லண்டனை விட்டுக் கிளம்ப வேண்டும். பகலும் போய், தூக்கமும் போகும். அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நியூகாசில் வழி

பகல் கணக்கில் இதுதான் கடைசி. காலையில் கிங்ஸ் கிராஸில் ஏறி மூன்று மணி நேரம் வடக்கே போய், பேருந்தில் நார்த் ஷீல்ட்ஸ் துறை சேர்ந்து, மாலை ஐந்து மணிக் கப்பலைப் பிடித்தால் மறுநாள் காலை பத்து மணி வாக்கில் ஐமாய்டன். அங்கிருந்து பேருந்தில் ஆம்ஸ்டர்டாம். ஒரு முழு நாள் காலி.

ஆனால் கடலைக் கண்ணாரப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி மூன்றிலும் இல்லை. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் நாலு மணி நேரத்துக்கும் மேல் வெளிச்சம் இருக்கும். டைன் ஆற்றின் வாயைத் தாண்டும்போது இடது பக்கக் குன்றின்மேல் டைன்மவுத் மடாலயத்தின் இடிந்த சுவர்கள். அப்புறம் கரையே தெரியாத தண்ணீர். ஹாரிச்சில் பதினொரு மணிக்குக் கிளம்பும் கப்பலில் இதெல்லாம் கிடைக்காது. வார இறுதியில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். குடித்துக் கொண்டாட வரும் கும்பல்களால் கப்பல் இரைச்சலாக இருக்கும்.

லண்டனிலிருந்து நேரே போவதற்காக இதை எடுப்பதில் அர்த்தமில்லை. யார்க், டர்ஹம், எடின்பரோ என்று வட பிரிட்டன் உங்கள் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தால் இது சுற்று வழி அல்ல. எடின்பரோவிலிருந்து நியூகாசில் ஒன்றரை மணி நேரம்தான். திரும்ப லண்டன் வந்து ரயில் பிடிப்பதற்குப் பதில் நியூகாசிலிலிருந்தே கப்பலேறிவிடலாம். தெற்கிலிருந்து வந்தால் ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், 1093-ல் கட்டத் தொடங்கிய டர்ஹம் தேவாலயம் பாலத்தின் மேலிருந்து முழுசாகத் தெரியும்.

கட்டுச்சோறும் விசாவும்

மூன்றிலும் சைவச் சாப்பாடு கிடைக்கும், நாவுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். கட்டுச்சோறு எடுத்துப்போகிறவர்கள் புளியோதரையாகவே கட்டிக்கொள்ளுங்கள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாதமும் அதில் அடக்கம். கப்பலிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் மூன்று இரவு, பெர்லினில் நாலு இரவு என்றால் ஜெர்மனி. இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பலில் கழியும் இரவை நெதர்லாந்துக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். லண்டனுக்குத் திரும்பி வருவதாக இருந்தால் பிரிட்டன் விசா மறுநுழைவுக்கு இடம் தருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு இது: போகும்போது ஹாரிச் ராத்திரிக் கப்பல், வரும்போது யூரோஸ்டார். திரும்பவும் கப்பல்தான் என்றால், ஹூக்கில் இரவு பத்து மணிக் கப்பலைப் பிடிக்க ஆம்ஸ்டர்டாமை ஏழு மணிக்கே விட வேண்டும். காலை ஆறரைக்கு ஹாரிச்சில் இறங்கி, அலுவலகம் போகிற கூட்டத்தோடு பெட்டிகளை இடித்துக்கொண்டு லண்டன் வர வேண்டும். சுற்றிக் களைத்த உடம்புக்கு அது வேண்டாம். பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்த கடைசி நாளில் பகல் போனால் பெரிய இழப்பும் இல்லை, சாய்ந்து உட்கார்ந்து வரலாம். 2024 ஜூன் முதல் எட்டு மாதம் ஆம்ஸ்டர்டாம் நிலைய வேலைக்காக லண்டன் நோக்கிய நேரடி வண்டிகள் நின்றிருந்தன, பயணிகள் பிரஸ்ஸல்ஸில் இறங்கி மாற வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து மீண்டும் நேரடியாகவே வருகின்றன. பிரிட்டன் எல்லைச் சோதனையும் ஆம்ஸ்டர்டாமிலேயே முடிந்துவிடும். வாங்கிய கௌடா பாலாடைக்கட்டியை மட்டும் ஏறுமுன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் அதை பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது.