ரோமன் வெள்ளிக்காசுன்னு சொல்லி 14,500 ரூபாய் போச்சு, வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

இப்பதான் அந்தாளு என்னை பிளாக் பண்ணான், அந்தக் கோவத்துலயே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. பழைய காசு விக்கிற ஒரு ஆன்லைன் பக்கம், பேர் வேணாம். "டைபீரியஸ் டினாரியஸ், சுத்த வெள்ளி, கோயம்புத்தூர் பக்கம் தோட்டத்துல கிடைச்சது"ன்னு போட்டிருந்தான் (டைபீரியஸ் ஒரு ரோமன் ராஜா, டினாரியஸ்ங்கறது ரோமன் வெள்ளிக்காசு). நம்புற மாதிரிதான் இருந்துச்சு, ஏன்னா அகஸ்டஸ், டைபீரியஸ்ங்கற ரோமன் ராஜாக்களோட வெள்ளிக்காசு கொங்கு பக்கம் நிஜமாவே புதையல் புதையலா கிடைச்சிருக்கு.

வீடியோ கால்ல சின்னத் தராசுல வச்சுக் காட்டினான், 3.1 கிராம். 3.7 பக்கம் இருக்கணுமேன்னு கேட்டா "2000 வருசம் ஆச்சுல்லண்ணா, தேய்மானம்"ங்கறான். அப்புறம் ஒரு காந்தத்தை எடுத்து காசு மேல வச்சு வச்சு எடுத்து "ஒட்டுதா பாருங்க, அசல் வெள்ளி"ன்னான் பாருங்க, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. செம்புலயும் காந்தம் ஒட்டாதுய்யா! 14,500 ரூபாய், யுபிஐல உடனே போயிடுச்சு.

பார்சலைப் பிரிச்சா தலையில முள்ளு முள்ளா சூரியக்கதிர் கிரீடம், பின்பக்கம் ஒரு மான். டைபீரியஸ்னா இலை மாலை இருக்கும், பின்னாடி ஒரு பொம்பளை உக்காந்திருப்பா. எழுத்தைக் கூட்டிப் படிச்சா கல்லியனுஸ், டைபீரியஸுக்கு இருநூறு வருசத்துக்கு மேல பின்னாடி வந்த ரோமன் ராஜா, கி.பி. 260கள்! தெரிஞ்ச ஆசாரி ஓரத்தை லேசா உரசினாரு, மேல வெள்ளை, உள்ள செக்கச்செவேல்னு செம்பு. டூப்ளிகேட்டும் கிடையாது, ரோம்காரனே அடிச்ச காசுதான், ஆனா வெள்ளி 5 சதவீதம்கூட தேறாது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஐட்டம்.

கேட்டா முதல்ல "ரோமன் காசுதானே கேட்டீங்க, ரோமன் காசுதானே வந்திருக்கு". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "பார்சல் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல" (பிரிக்காம எப்படிடா பாக்கறது). கடைசியா "ரோமன் வெள்ளின்னாலே கலப்படம்தான், ஹிஸ்டரி படிங்கண்ணா".

படிச்சதாலதான்டா கேக்கறேன். டைபீரியஸ் காலத்துல ஒரு ரோமன் பவுண்டு வெள்ளிக்கு 84 காசு, கிட்டத்தட்ட சுத்தம். கி.பி. 64ல நீரோ ராஜா அதே பவுண்டுல 96 காசு அடிச்சு செம்பையும் கலந்தான், அதுக்கப்புறம் ரோமன் வெள்ளி இந்தியாவுக்கு வர்றதே குறைஞ்சு போச்சு. அப்புறம் வந்த செவெரஸ் ராஜா பட்டாளத்துக்கு சம்பளத்தை ஏத்திட்டு காசுல பாதிக்குப் பாதி செம்பாக்கினான். 215ல அவன் மகன் காரகல்லா இந்த முள்ளு கிரீடக் காசை இறக்கினான், மதிப்பு ரெண்டு டினாரியஸ்னு கணக்கு, எடை ஒன்றரை டினாரியஸ் அளவுதான். கல்லியனுஸ்கிட்ட வரும்போது வெள்ளிங்கறது வெறும் பவுடர் பூச்சு மாதிரி. அந்தக் காசை டைபீரியஸ் விலைக்கு 14,500க்குத் தள்ளிட்டு எனக்கே ஹிஸ்டரி பாடம் எடுக்கறான், இதுல கோயம்புத்தூர் தோட்டமாம்!

வாங்கறவங்களுக்கு விவரமா டிப்ஸ் போடலாம்னு உக்காந்தேன், இப்ப முடியல. காந்தம் காட்டினா நம்பாதீங்க. தலையில முள்ளு கிரீடம் இருந்தா அது டினாரியஸ் இல்ல. எடை குறைஞ்சா தேய்மானம்னு விட்றாதீங்க. மண்ணுல கிடைச்சதுன்னு சொன்னா ஓடிடுங்க, 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையலை கலெக்டர்கிட்ட சொல்லணும். 14,500 ரூபாய்க்கு சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930 நம்பர்ல கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கேன், அதே ஆள் வேற பேர்ல அதே மான் போட்டோவைப் போட்டா கமெண்ட்ல சொல்லுங்க.