450 ரூபாய் பிரஷ்ஷும் பள்ளத்தூர்த் தண்ணீரும்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடி மாடத்தில் இப்போது இரண்டு ஷேவிங் பிரஷ் இருக்கின்றன. முதலில் வாங்கிய இன்னொன்றும் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டு ஐந்தரை வருடமாகிறது. ஆறு வருடத்தில் மூன்றுக்குமாகச் சேர்த்து 860 ரூபாய் ஆகியிருக்கிறது. டப்பாவில் அடைத்து வரும் நுரையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன். அது கன்னத்தில் மேலாக உட்கார்ந்துகொள்ளும், முடியின் அடிக்குப் போகாது. என் தாடி வேறு கொஞ்சம் முரடு.

முதல் பிரஷ் 60 ரூபாய். காரைக்குடியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சீப்பு வாங்கப் போனவன் அதையும் எடுத்து வந்தேன். தினமும் இரண்டு முடியாவது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வரும். புது பிரஷ்ஷில் முதல் வாரம் நாலைந்து முடி உதிர்வது சகஜம்தான், அதற்குப் பிறகு நின்றுவிட வேண்டும். இது நிற்கவேயில்லை. ஐந்தாம் மாதம் ஒரு நாள் கைப்பிடி கையில் இருக்க, முடிக்கட்டு மட்டும் குவளைக்குள் விழுந்துவிட்டது. பாதித் தப்பு என்னுடையது. முடிக்கட்டைக் கைப்பிடிக்குள் பசை வைத்துத்தான் இறுக்குகிறார்கள். நானோ பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பிடித்த தண்ணீரில் தினமும் அதை முக்கிக்கொண்டிருந்தேன். கை பொறுக்கும் சூடு போதும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது 350 ரூபாய்க்குப் பன்றி முடி பிரஷ், மரக் கைப்பிடி. பிரித்த உடனே ஒரு வாடை. ஆத்தா, "இத உள்கட்டுக்குள்ள கொண்டாராத" என்று சொல்லிவிட்டதால்தான் அது கிணற்றடிக்குப் போனது. இரண்டு வாரம் ஷாம்பு போட்டு அலசியதில் வாடை போய்விட்டது. ஆனால் பன்றி முடிக்குப் பொறுமை வேண்டும். காய்ந்திருக்கும்போது தென்னந்துடைப்பம் மாதிரி விறைப்பாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடமாவது ஊறினால்தான் இளகும். முதல் பதினைந்து இருபது ஷேவ் வரை நுரையும் சரியாக வராது, முகத்திலும் குத்தும். பிறகு ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாகப் பிளக்கும். அங்கிருந்துதான் இந்த பிரஷ்ஷின் வாழ்க்கையே ஆரம்பம்: நுனி மெத்தென்று இருக்கும், அடி மட்டும் விறைப்பாக நின்று கன்னத்தைத் தேய்த்துக் கொடுக்கும். கட்டி சோப்பில் அது எடுக்கும் நுரையை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. மூன்றாவது நாளே "மோசம்" என்று வீசிவிடுகிறவர்கள் நல்ல சாமானை வீசுகிறார்கள்.

அப்படிப்பட்டதை நானே கெடுத்தேன். தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்த வருடம் அது. விரதத்தில் சவரம் கிடையாது. யாரும் தொட வேண்டாமே என்று ஈரம் போகாத பிரஷ்ஷை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்தால் அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்து, ஷாம்பு போட்டு, இரண்டு நாள் வெயில் காட்டியதில் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு பக்கம் முடி கொஞ்சம் கொட்டிவிட்டது. இயற்கை முடி எதுவானாலும் உதறி, காற்றோட்டமாகக் காய வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் எங்கள் கிணற்றடியில் அது காய ஒன்றரை நாள் பிடிக்கிறது.

பேட்ஜர் பிரஷ் பற்றியும் கேட்பீர்கள். வளை தோண்டி வாழும் ஒரு விலங்கின் முடி அது. தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், மெத்தென்று இருக்கும், விலையும் எகிறும். "மலிவான பேட்ஜர்" என்று வருவது பெரும்பாலும் தரத்தில் கடைசிப் படி; குத்தும். அதற்குப் போகிற பணத்தில் நல்ல பன்றி முடி பிரஷ்ஷே வாங்கலாம் என்பது என் எண்ணம்.

ஒரு தடவை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குச் சட்டி தேடிக்கொண்டிருந்தபோது, தந்தம் மாதிரிக் கைப்பிடியோடு பழைய பிரஷ் ஒன்று கண்ணில் பட்டது. யார் வீட்டு ஐயா பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ கொண்டுவந்ததோ. எடுக்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடியில் செய்த மலிவு பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படைவீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்று வந்திருக்கிறது, இறந்தவர்களும் உண்டு. அந்தக் கிருமியின் வித்து பல வருடம் சாகாமல் கிடக்கும். பழைய கைப்பிடி பிடித்திருந்தால் வாங்கி அலமாரியில் வையுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பூஞ்சை பிடிப்பதற்கு முன்பே எனக்கு ஒரு குறை இருந்தது. ஊரில் நுரை வரும் லட்சணத்துக்கும், காரைக்குடியில் அக்கா வீட்டில் தங்கும்போது வருவதற்கும் சம்பந்தமே இருக்காது. அதே பிரஷ், அதே சோப்பு. எங்கள் தெரு முனை சலூன்காரரிடம் சொன்னேன். "அண்ணே, பிரஷ்ல ஒண்ணுமில்ல, ஒங்க வீட்டு போர் தண்ணியப் பாருங்க" என்றார். பார்க்க என்ன இருக்கிறது, வாளி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. அக்கா வீட்டுக்கு வருவது காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுத் தண்ணீர். அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் அக்கா மகள் விளக்கினாள்: "கடினத் தண்ணீல கால்சியம், மெக்னீசியம் இருக்கும் அம்மான். அது சோப்போட சேர்ந்து கரையாத கசடாயிரும். அந்தக் கசடு போக மிச்ச சோப்புதான் ஒங்களுக்கு நுரை."

அதிலிருந்து ஷேவிங்குக்கு மட்டும் மழைத் தண்ணீர். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் வளவுத் தாழ்வார ஓட்டிலிருந்து முற்றத்தில் விழுவதை அண்டாவில் பிடித்து, துணி போட்டு மூடி வைக்கிறேன். ஒரு ஷேவுக்கு ஒரு செம்பு போதும். பாதி சோப்பில் இரண்டு மடங்கு நுரை வந்தது. ஒரு வருடமாக பிரஷ்ஷைத் திட்டியது அத்தனையும் வீண்.

ஆனால் மழை வருடம் முழுக்கவா பெய்கிறது? சித்திரை, வைகாசியில் போர் தண்ணீர்தான் கதி. அதற்காகவும், பூஞ்சைக்குப் பயந்தும் நாலு வருடத்துக்கு முன்பு வாங்கியதுதான் மூன்றாவது: 450 ரூபாய், செயற்கை இழை, முடிக்கட்டின் குறுக்களவு 24 மி.மீ. பழைய நைலான் விறைப்பை மனதில் வைத்துக்கொண்டு இதை ஒதுக்காதீர்கள். இப்போது வரும் இழை நுனியில் மெலிந்து பூனை வால் மாதிரி இருக்கிறது. ஊற வைக்க வேண்டாம், நனைத்து உதறினால் போதும். வாரத்துக்கு நாலு நாள் என்று வைத்தாலும் 800 ஷேவ் தாண்டிவிட்டது. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு முடி உதிரவில்லை. ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது. கிரீமும் குறைவாகத்தான் பிடிக்கிறது, இழை தண்ணீரையும் சோப்பையும் உறிஞ்சுவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. இழை ஸ்பிரிங் மாதிரி துள்ளுவதால் முதல் மாதம் கண்ணாடியெல்லாம் நுரை. தண்ணீரைப் பிடித்து வைக்காததால் நடுவில் இரண்டு மூன்று சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். கட்டி சோப்பில் பன்றி முடி அளவுக்குச் சுரண்டி எடுக்காது. கிரீம் என்றால்தான் இதற்குக் கொண்டாட்டம். வழவழப்பான கைப்பிடி ஈரக் கையில் நழுவும். ஒரு தடவை ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்து அடியில் விரிசல் விட்டது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடினத் தண்ணீரால் அடியில் வெள்ளை ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசிவிடுகிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் கைப்பிடியின் அழகுக்குக் காசு கொடுக்காதீர்கள். முடிக்கட்டின் அடியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், தளதளவென்று உள்வாங்கினால் வேண்டாம். லேசாக இழுத்தால் முடி கையோடு வரக்கூடாது. புறங்கையில் சுற்றித் தேய்த்தால் குத்தக்கூடாது (பன்றி முடிக்கு மட்டும் இதில் விலக்கு). 22 முதல் 24 மி.மீ. முகத்துக்குப் போதும்; இன்னும் பெரிதானால் காதுக்கும் மூக்குக்கும் சேர்த்து நுரை போடும். எனக்கே அடுத்த தடவை 22 போதும் என்று தோன்றுகிறது, மீசை ஓரம் சுலபமாக இருக்கும்.

வார நாளில் செயற்கை இழைதான். பன்றி முடியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன், அதுவும் அண்டாவில் மழைத் தண்ணீர் இருக்கும் மாதங்களில் மட்டும். இந்த வாரம் இருக்கிறது. காப்பி குடித்து முடிப்பதற்குள் ஊறிவிடும்.