குழந்தைகள் தூண்டில் செட்: கழி அருமை, முள்ளும் வலையும் வேண்டாம்

ஏழு வயது மகளுக்காக வாங்கினேன். சின்னக் கழி, மூடிய ரீல், நரம்பு, சிவப்பு வெள்ளைத் தக்கை இரண்டு, ஈயக்குண்டுகள், பத்து முள், ஒரு கைவலை. கழியில் குறையே இல்லை. பிடி அவள் கைக்குள் அடங்குகிறது. பொத்தானை அழுத்தி வீசினால் நரம்பு சிக்குவதில்லை. அரைமணி நேரத்தில் தானாகவே வீசப் பழகிவிட்டாள். (ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஈயம் நஞ்சு. பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள்.)

சிக்கல் முதல் மீனோடு வந்தது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி ஒரு சின்னக் கூர் இருக்குமே, அது உதட்டுக்குள் மாட்டிக்கொண்டது. கழற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. செவுள் திறந்து திறந்து மூட, மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடித்துத் திரும்ப நீரில் விடுவது மீனுக்குத் தீங்கில்லாத விளையாட்டு" என்று செட்டோடு வந்த தாளில் இருந்ததை அவள் ஏற்கெனவே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள்.

"தீங்கில்லைன்னா எதுக்கும்மா வாயில ரத்தம்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. மீனுக்கு வலிக்குமா என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2003இல் லின் ஸ்னெட்டனும் உடன் ஆய்வாளர்களும் வானவில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அமிலம் ஏறிய மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக்கல்லில் தேய்த்தன. வெறும் உப்புநீர் ஏற்றிய மீன்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தீனியைத் தொடவில்லை. மீனின் மூளையில் நமக்கு இருப்பது போன்ற புறணி (மூளையின் மேலடுக்கு) இல்லை, அதனால் வலியை உணராது என்று 2016இல் மூளை ஆய்வாளர் பிரையன் கீ எழுதினார். இரண்டையும் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நாம அதைச் சாப்பிடப் போறதில்ல. விளையாடுறோம்னு அதுக்குத் தெரியாது. அப்ப இது யாரோட விளையாட்டு?"

என் அப்பா தூண்டில் போட்டால் வீட்டில் குழம்பு கொதிக்கும். இந்தக் கேள்வியே எனக்கு வந்ததில்லை. சாப்பிடப் பிடிப்பது வேறு, மாட்டிவிட்டு விடுவதற்காகவே பிடிப்பது வேறு என்று இப்போது நான் நினைக்கிறேன். வேறு வேறு என்று அந்தத் தாள் குழந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முடிச்சுப் போட்ட முரட்டு நைலான். மீனின் மேலிருக்கும் வழவழப்புதான் அதைக் கிருமியிலிருந்து காப்பது; இந்த வலை அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. முடிச்சில்லாத ரப்பர் வலை வைத்திருக்கலாம். கையை நனைத்துவிட்டுத் தொடவேண்டும் என்றுகூடத் தாளில் ஒரு வரி இல்லை. 1992இல் வந்த ஓர் ஆய்வில், களைக்கும்வரை நீந்த விரட்டிய ட்ரவுட் மீன்களில் 12 சதவீதம் செத்தன. அப்படி விரட்டியபின் 30 விநாடி காற்றில் வைத்தபோது 38 சதவீதம். 60 விநாடி வைத்தபோது 72 சதவீதம். நான் கழற்றி விட்ட மீன் நீந்திப் போனதை இருவரும் பார்த்தோம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ.

வாங்கியே ஆகவேண்டும் என்றால், பிள்ளை கையில் கொடுக்கும் முன் அந்தப் பின்கூரைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையேல் பின்கூர் இல்லாத முள்ளாகத் தனியே வாங்குங்கள். கழிக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். முள், வலை, தாள் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று.

மகள் முள்ளைக் கழற்றித் தரச் சொன்னாள். நரம்பின் நுனியில் மாவு உருண்டையைக் கட்டி வீசுகிறாள். மீன்கள் வந்து கொத்துகின்றன, தக்கை முங்கி எழுகிறது, மாவு தீர்ந்ததும் சுற்றி எடுத்து மறுபடி கட்டுகிறாள். நேற்று இருட்டும்வரை கரையைவிட்டு எழவில்லை.