ரோந்துக்குப் பாய்மரப் படகா, என்ஜின் படகா?

1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையைக் கலங்கடித்தபோது, செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் சாம்பல் நிறம் பூசிக்கொண்டு ரோந்துக்குப் புறப்பட்டன. என்ஜின் படகுக்கு வேகம் உண்டு. எண்ணெய் தீருமுன் கரை திரும்பியாக வேண்டும். அதன் இரைச்சலே எதிரிக்குத் துப்பு. பாய்மரப் படகோ காற்றை நம்பி, ஓசையின்றி நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து நீர்மூழ்கிகளின் ஓசைக்குக் காது கொடுக்கும். விரட்டித் தாக்க அதனால் ஆகாது. ஆனாலும் காவலுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அதில் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த ஆண்டு டிசம்பர் புயலில் சிக்கிய 'சைடா' என்ற பாய்மரப் படகு, பின்பக்கப் பாய்மரக் கம்பம் முறிந்து, அட்லாண்டிக்கில் ஏறத்தாழ மூன்று வாரம் தத்தளித்தது. உள்ளே ஒன்பது பேர். குளிர், ஈரம், குறைந்துகொண்டே வந்த உணவு. ஒன்பது பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.