இரணைமடுப் பக்கத்துச் சனிக்கிழமை வகுப்பு: மகனைச் சேர்த்து எட்டு மாதம்

கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கமாக, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் நடத்தும் வகுப்பு இது. பெயர்ப்பலகை கிடையாது. சனி காலை 8 மணி முதல் 11 மணி வரை, மாதம் 1000 ரூபா, பிள்ளைகள் 18 பேர். புரட்டாதியில் மகனைச் சேர்த்தேன்.

முன்பு வேறொரு ரியூசனில் விட்டிருந்தோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வினாத்தாளுக்கு மேல் வினாத்தாள். புள்ளி வரிசைப்படிதான் வாங்கில் இருத்துவார்கள். இவன் எப்போதும் கடைசி வாங்கு. "இவனுக்கு ஏறாது" என்று அவனை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்கள். பிள்ளை நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பரீட்சைக்கு மொத்தம் 200 புள்ளி. ஒன்பது வயதுப் பிள்ளை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுமா?

இங்கே ரீச்சர் முதல் மாதம் பாடமே தொடங்கவில்லை. எந்தப் பிள்ளை எதில் பசி மறந்து நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதி வைத்தார். ஐப்பசி மழைக்கு முற்றத்தில் தண்ணீர் தேங்க, இவன் தடியால் வாய்க்கால் கீறி அதை வாழைக்கு விட்டிருக்கிறான். அடுத்த கிழமை ரீச்சர் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொடுத்து, "எந்தப் பக்கம் பள்ளம், எவ்வளவு பள்ளம் என்று அளந்து சொல்லு ராசா" என்றாராம்.

நான் மேசன். 15 வருடமாக அப்படியான குழாயில் தண்ணீர் நிரப்பித்தான் மட்டம் பார்க்கிறேன். எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் பிழைத்துவிடும். இவன் அந்தக் குமிழியைத் தானாகவே கண்டு, குழாயை விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றினானாம். அப்புறம் ஒரு கட்டம் அரை மீற்றர் என்று சதுரக் கொப்பியில் முற்றத்தைக் கீறினார்கள். தசமமும் விகிதமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டன. அப்படி ஒரு குழாய் என் வீட்டுத் தாழ்வாரத்திலும் தொங்கியது. எனக்கு அதை அவன் கையில் கொடுக்கத் தோன்றவில்லை.

குறையும் உண்டு. மாரியில் தகரம் ஒழுகும். 18 பேருக்கு ஒரு ரீச்சர் காணாது. வாய் திறவாத ஒரு சின்னப் பெட்டைக்குத் தாளக்கட்டு அவ்வளவு நன்றாக வரும் என்று தெரிய நாலு மாதம் போனது. புலமைப்பரிசிலுக்கான வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது ஒன்றுதான் நோக்கம் என்றால் இங்கே செய்யும் மாதிரி வினாத்தாள்கள் போதாது, வேறு இடம் பாருங்கள். தங்கள் பிள்ளையை ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தயங்காமல் சேருங்கள்.

சித்திரை விடுமுறையில் ஒரு அத்திவார வேலைக்கு அவனையும் கூட்டிப்போனேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "அப்பா, உங்கட பக்கம் குமிழி நிற்குது" என்றான். பார்த்தேன். நின்றது.