பழைய அலமாரியைச் சமையலறைக்கு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழைய புத்தக அலமாரியைச் சமையலறைக்கு ஏற்றபடி மாற்றி விற்கும் ஒருவரிடம் வாங்கி, மோசமாக ஏமாற்றப்பட்டிருக்கிறேன். "முழுக்க மரம், காலத்துக்கும் கவலை இல்லை" என்று சொல்லித்தான் விற்றார். வெள்ளை பெயின்ட், புதுக் கதவு, புதுக் கைப்பிடி.

கொஞ்ச நாளிலேயே டப்பாக்களின் மேல் மாவு போல மெல்லிய தூள் படிய ஆரம்பித்தது. துடைத்தால் மறுநாளும் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டம் முழுக்கக் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். மரம் ஏற்கெனவே உளுத்துப் போயிருந்தது. பழைய ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார். மேலே பெயின்ட் அடிப்பதால் உள்ளே இருக்கும் புழு சாகாது. மரத்தைத் தின்று வளர்ந்து, வண்டாகிப் பெயின்ட்டையும் துளைத்துக்கொண்டு வரும். இதற்கு மாதங்கள் ஆகலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். அதனால்தான் வாங்குகிற நேரத்தில் எதுவும் தெரிவதில்லை.

தட்டுகளோ மரமே இல்லை, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. சிங்க் பக்கத்து ஈரம் பலகையின் வெட்டுப்பட்ட ஓரம் வழியாக ஏறி, பலகை உப்பிவிட்டது. அது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்குரூ பிடிக்காமல் கீல் பிடுங்கிக்கொண்டு, பாத்திரம் வைத்திருந்த பக்கத்துக் கதவு தொங்குகிறது. தூக்கிப் பார்த்துக் கனமாக இருந்தால் மரம் என்று நம்பாதீர்கள், பார்ட்டிகிள் போர்டும் நல்ல கனம்.

கேட்டால், "பழைய பொருளுக்குக் கியாரண்டி கிடையாது" என்கிறார். பழையதை விற்பது தவறே இல்லை. உளுத்ததை மறைத்து, சாப்பாட்டுச் சாமான் வைக்கும் இடத்துக்கென்று விற்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் பழைய பெயின்ட் அடுக்குகள் தெரிகின்றன. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தச் செதில் தட்டிலும் டம்ளரிலும் விழக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. நீங்களே அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளைக் கிளப்பவும் வேண்டாம்.

வாங்கும் முன் பின்பக்கம், அடிப்பக்கம், இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்து அதன் அடி என்று பெயின்ட் படாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும். கால்களை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்துங்கள், உளுத்த மரம் உள்வாங்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் தூளைப் பார்த்தால், மற்ற மரச்சாமான்களிடமிருந்து அதை உடனே தள்ளி வையுங்கள். வெளியே வரும் வண்டு பெயின்ட்டோ வார்னிஷோ படாத மரத்தைத் தேடித்தான் முட்டையிடும். நம் வீட்டு அலமாரிகளின் பின்பக்கம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.